பிரிந்து போகும் உரிமை: சர் சி.பி.யும் மீனாட்சிபுரமும்

தென்காசியில் நம் வாசகர் வட்டம் கூடியபோது ஒரு கல்லூரித் தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, மாநில சுயாட்சிங்காங்க, தனிநாடுங்காங்க, இறையாண்மைன்னு சொல்லுதாங்க. எல்லாம் நாளைக்கே கிடைச்சிட்டுன்னு வைங்க. கீழத்தெருக்காரன் மேலத்தெரு வழியா செருப்பு மாட்டிக்கிட்டுப் போலாமாண்ணே?" ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது. அப்புறம் கடைசி பஸ் பிடிக்கிற அவசரம். பதில் சொல்லாமலே கலைந்துவிட்டோம். அந்தத் தம்பிக்குப் பாக்கி வைத்த பதில்தான் இந்தத் தலையங்கம்.

2022 ஜூலையில் நாமக்கல்லில் ஆ. ராசா பேசியது பலருக்கும் நினைவிருக்கும். பெரியார் கடைசிவரை தனித் தமிழ்நாடு கேட்டார், நாங்கள் அண்ணா வழியில் சுயாட்சியோடு நிற்கிறோம், எங்களை மறுபடி பெரியார் வழிக்குத் தள்ளிவிடாதீர்கள் என்ற பொருளில் அவர் பேசினார். உடனே ஒரு பக்கம் கைதட்டல். இன்னொரு பக்கம் தேசத்துரோகம் என்ற கூச்சல். இந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவில் தலித் இயக்கத்துத் தோழர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். பக்கம் பார்த்து நிற்பதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். அதற்காக தில்லிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை துவட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற செங்கோட்டை போதும்.

இன்றைக்கு தென்காசி மாவட்டத்தில் இருக்கிற செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரைக்கும் வேறு ராஜ்யம். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர். தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரன் சீமை. ஏழெட்டு கிலோமீட்டருக்குள் ரெண்டு ஆட்சி, ரெண்டு சட்டம். அந்தத் திருவிதாங்கூரின் திவானாக 1936 முதல் 1947 வரை இருந்தவர் சர் சி.பி. ராமசாமி அய்யர். வந்தவாசியில் பிறந்தவர், சென்னையின் பெரிய வக்கீல், ஹோம்ரூல் இயக்கத்துக்காரர். மவுண்ட்பேட்டன் 1947 ஜூன் 3இல் பிரிவினைத் திட்டத்தை அறிவித்தார். எட்டே நாளில், ஜூன் 11இல், வெள்ளையர் அதிகாரம் கைமாறும் நாளிலிருந்து திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று சர் சி.பி. அறிவித்தார். இந்தியாவும் வேண்டாம், பாகிஸ்தானும் வேண்டாம். பாகிஸ்தானுக்குத் தனி வர்த்தகப் பிரதிநிதியைக்கூட நியமித்தாயிற்று. கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அதன்மேல் வெளிநாட்டாருக்குக் கண் இருக்கிறது என்ற தெம்பும் அவருக்கு இருந்தது.

அவருடைய வாதம் சட்ட வாதம். சமஸ்தானங்கள்மேல் மேலாதிக்க உரிமை பிரிட்டிஷ் முடியரசுக்கு இருந்தது, முடியரசு போகிறது, அந்த உரிமையும் அதோடு போகிறது, எனவே எங்கள் இறையாண்மை எங்களுக்கே திரும்பி வருகிறது. இதுதான் சாரம்.

சரி, 'எங்கள்' என்றால் யார்? 1750இல் மார்த்தாண்டவர்மா ராஜ்யத்தையே திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பின் வந்த ராஜாக்களெல்லாம் பத்மநாபதாசர்கள், சாமியின் பேரில் ஆளுகிறவர்கள். ஆக, இறையாண்மை என்ற சொல்லுக்குத் திருவிதாங்கூரில் நேர்ப் பொருளே இருந்தது. இறைவன்தான் ஆண்டான்! அந்த ராஜ்யத்தில் பொதுப்பாதையில் வில்வண்டி ஓட்டிப் போவதற்காக 1893இல் அய்யங்காளி மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. புலையர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சர் சி.பி. தந்த 'அமெரிக்க மாதிரி' அரசியல் சட்டத்தில் திவானை அசைக்க யாராலும் முடியாது. அதை எதிர்த்து 1946 அக்டோபரில் புன்னப்பிரவிலும் வயலாரிலும் எழுந்த கயிற்றுத் தொழிலாளிகளும் கூலி விவசாயிகளும் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மாசம் கழித்து அதே திவான் சுதந்திரம் பேசுகிறார்.

அன்றைக்கு அவருக்கு நேர் பதில் சொன்னவர் அம்பேத்கர். தோழர்கள் பலர் இதைக் கவனித்ததில்லை. 1947 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கை திருவிதாங்கூரையும் ஐதராபாத்தையும் பெயர் சொல்லியே மறுத்தது. மேலாதிக்க உரிமை ஆவியாகிப் போய்விடாது, முடியரசின் இடத்தில் வருகிற இந்திய அரசுக்குத்தான் வந்து சேரும் என்று சட்டத்துக்குச் சட்டமாகவே வாதாடினார். அதோடு நிற்கவில்லை. ஐ.நா. சபை வந்து காப்பாற்றும் என்று கனவு காணாதீர்கள், உள்ளே பொறுப்பாட்சி இல்லாத சமஸ்தானத்துக்காக எவனும் வரமாட்டான் என்றும் எச்சரித்தார். இந்த ரெண்டாவது வாதம்தான் நமக்கு முக்கியம். வெளியே சுதந்திரம் கேட்கிறாயே, உன் வீட்டுக்குள்ளே யார் யாரை ஆளுகிறார்கள் என்று காட்டு என்பதுதான் அதன் உள்ளுறை. நம் தம்பி கேட்ட கேள்வியும் அதுதான். சேரியில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும்.

ஜூலை 25இல் திருவனந்தபுரத்தில் சர் சி.பி. வெட்டுப்பட்டார். மாசம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துத் தந்தி கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் திவான் ராஜினாமா செய்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். கதை இதோடு முடிந்திருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு வேலையில்லை.

அண்ணா 1962 மே 1இல் மாநிலங்களவையில் முதல் முறையாகப் பேசினார். நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று கேட்டார். தில்லி அதிர்ந்தது. பிரிவினைப் பேச்சை எப்படி அடக்குவது என்று ஆராய, தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சில் அமைத்த குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா தோழர்களே? சாட்சாத் அதே சர் சி.பி. ராமசாமி அய்யர்! பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தனிநாடு அறிவித்தவர், இப்போது தனிநாடு கேட்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்தப் பரிந்துரையில் பிறந்ததுதான் 1963 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம். பேச்சுரிமைக்கு இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற கடிவாளம் போட்டார்கள். தேர்தலில் நிற்கிறவன் இந்திய இறையாண்மையைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றார்கள். சீன யுத்தத்தின்போதே குரலைத் தணித்துக்கொண்ட தி.மு.க., 1963 நவம்பரில் தன் குறிக்கோளைத் திருத்திக்கொண்டது. கோரிக்கையைத்தான் விடுகிறோம், காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்றார் அண்ணா.

இதைச் சர் சி.பி.யின் தனிப்பட்ட பல்டி என்று நாம் பார்க்கவில்லை. அவர் மாறவே இல்லை. 1947இல் சனாதன ராஜ்யத்தைப் பாதுகாக்க இறையாண்மை பிரிவினையாகத் தேவைப்பட்டது. 1962இல் அதே கூட்டத்துக்கு அதே சொல் ஒருமைப்பாடாகத் தேவைப்பட்டது. பிரிந்து போவது என்பது மேலே இருக்கிறவன் சொன்னால் ராஜதந்திரம். கீழே இருக்கிறவன் சொன்னால் துரோகம்.

அந்தக் குழுவின் வால் இன்னும் நீளம். 1967இல் வந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் வேர் அங்கேதான். இன்றைக்கு ஊபா என்று நாம் கூப்பிடுகிற அதே சட்டம். அந்தச் சட்டத்தில்தான் 2020 ஏப்ரல் 14இல், அம்பேத்கர் பிறந்த நாளில், அம்பேத்கர் குடும்பத்து மருமகனும் தலித் அறிஞருமான ஆனந்த் டெல்டும்ப்டே கைதானார். திருச்சிச் சீமையில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 2021 ஜூலையில் ஜாமீன் கிடைக்காமலே செத்துப்போனார். இவர்களில் யார் தனிநாடு கேட்டார்கள்?

செங்கோட்டைக்குத் திரும்பி வருவோம். தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர்கள் நேசமணி தலைமையில் போராடினார்கள். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956இல் கன்னியாகுமரி கிடைத்தது. செங்கோட்டையும், மேற்குக் காட்டுப் பகுதி போக மிச்சம், கிடைத்தது. அந்தத் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. மூணாறு மலையில் தேயிலை கிள்ளுகிறவர்கள் யார்? நம் சங்கரன்கோவில், கயத்தாறு பக்கமிருந்து கங்காணி கூட்டிப்போன தமிழ்த் தலித்துகள்தானே பெரும்பாலும்? ஒரு மாநிலத்து அட்டவணைச் சாதி இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவராது என்பது சட்டம். 1990இல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. ஆகவே மலையில் பிறந்த பிள்ளை, 1950க்கு முன்னாலிருந்தே எங்கள் குடும்பம் இங்கே இருக்கிறது என்று காகிதம் காட்டினால்தான் சாதிச் சான்றிதழ். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த பாட்டனுக்கு ஏது காகிதம்? சாதி எல்லையைத் தாண்டிக் கூடவே போகிறது. சான்றிதழ் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நள்ளிரவு மண் சரிந்து லயங்களோடு எழுபது பேர் புதைந்தார்கள். செய்தி கேட்டு அழுத ஊர்கள் இந்தப் பக்கம்தான் இருந்தன.

இதே செங்கோட்டையில் பிறந்தவர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையில் இருந்த கடிதம் சுயராஜ்யத்தையும் சனாதன தர்மத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறது. ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் 'பஞ்சமன்' என்று இழிக்கிறது. ஐந்தாமவன் என்றுதான் பொருள் என்பார்கள் பண்டிதர்கள். இருக்கட்டும். மாட்டுக்கறியும் பஞ்சமனும் ஒரே வரியில் வந்தால் அது நம் காதில் எப்படி விழும் என்று அவர்கள் யோசித்ததுண்டா? குற்றாலத்து அருவியில் எல்லாச் சாதியும் குளிக்கலாம் என்று ஆஷ் உத்தரவு போட்டதாக நம் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆவணம் எங்கே என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பற்றி இப்படியொரு கதையை நம் சனம் நூறு வருஷமாக ஏன் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதற்கும் யாராவது ஆவணம் தேடட்டும்.

இப்போது இன்னொரு பிரிவினைக்கு வருவோம். கேட்டுக்கொண்டே இருக்காமல் செய்து காட்டிய பிரிவினை. 1981 பிப்ரவரி 19. தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆதிக்க சாதியின் அடி, போலீஸ் கெடுபிடி, டீக்கடை தம்ளர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாளில் கணக்கை முடித்தார்கள். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பேர் வைத்தார்கள். ஒரு கத்தி எடுக்கவில்லை, ஒரு தேசப்படத்தைக் கொளுத்தவில்லை, ஓரங்குல நிலம் கேட்கவில்லை. ஆனால் தில்லி குலுங்கியது. வாஜ்பாய் இந்த ஊருக்கே வந்தார். விசுவ இந்து பரிஷத்காரர்கள் வந்தார்கள், ஆரிய சமாஜத்தார் வந்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், நாட்டுக்கே ஆபத்து என்றார்கள். கண்டதேவியிலும் கீழவெண்மணியிலும் ஆபத்துக்கு வராத தேசம், மீனாட்சிபுரத்தில் கலிமா சொன்னதும் ஆபத்தில் விழுந்துவிட்டது.

சர் சி.பி.க்கு இந்தப் பயம் முன்னமே தெரியும். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். திருவிதாங்கூரில் ஈழவர்கள் மதம் மாறப்போகிறோம் என்று பேசத் தொடங்கினார்கள். சர் சி.பி. திவானாக வந்த மறுமாசமே, 1936 நவம்பர் 12இல், கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. தென்காசிக் கோயிலுக்குள் நுழைய நமக்குச் சட்டம் இல்லாத காலத்தில் செங்கோட்டைக் கோயிலுக்குள் நுழையலாம் என்று ஆனது. கருணையா அது? போய்விடுவோம் என்று சொன்னதால் திறந்த கதவு அது. இதை நாம் மறக்கக் கூடாது.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். கணக்கை முடிக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்தால், ஏன் என்று கேட்போம், படிவம் கொடுப்போம், இருப்பை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவோம். இந்து மதக் கணக்கை முடிக்கிறவனுக்கு மட்டும் வேறு விதி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவன்தான் அட்டவணைச் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். இஸ்லாத்துக்கோ கிறித்துவத்துக்கோ போனால் பட்டியலிலிருந்து பேர் அடிபடும். தலித் கிறித்துவனுக்குக் கல்லறையில் தனிச் சுவர் இருக்கும், இடஒதுக்கீடு இருக்காது. இதை ஆராய 2022இல் பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டார்கள். தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், தலித்துகளையும் பெண்களையும் மாற்றினால் தண்டனையைக் கூட்டி வைத்தது. அதாவது நமக்குச் சொந்த புத்தி கிடையாதாம்! எதிர்ப்பு கிளம்பி 2004இல் அதை விலக்கினார்கள். பிரிவினை கேட்பவனுக்கு 1963இல் போட்ட கடிவாளமும், மதத்தைவிட்டுப் பிரிகிறவனுக்கு 1950இல் போட்ட அபராதமும் ஒரே பட்டறையில் அடித்தவை.

அப்படியானால் தமிழ்த்தேசத்துப் பக்கம் போய் நின்றுவிடலாமா? அங்கேயும் கேள்வி இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பிரதானக் குற்றவாளியை உயர்நீதிமன்றம் விடுவித்தது. எரித்தவனும் தமிழ் பேசினான், எரிந்தவர்களும் தமிழில்தான் கதறினார்கள். 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் பதினேழு பேர் செத்தார்கள். தடியைத் தூக்கியது தில்லிப் போலீஸ் இல்லை.

நம் மாவட்டத்துக் கதையையே எடுங்கள். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த நம் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதை வீடியோவும் எடுத்தார்கள். இறையாண்மை என்றால் என்ன என்று அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தில் தேடுகிற மாணவத் தோழர்களே, இதோ இருக்கிறது. தன் எல்லைக்குள் தானே சட்டம் போட்டு, தானே தண்டித்து, மேல்முறையீடும் இல்லாமல் நடக்கிற ஊர்க் கட்டுப்பாடு. இந்தியாவின் ஒவ்வொரு ஊரும் சேரியின்மேல் இறையாண்மை கொண்டாடுகிறது. அந்த ஊரை அன்றைக்குத் தட்டிக் கேட்க உதவியது எது? குற்றம் செய்தவர்களை ஊருக்குள் வரவிடாமல் வெளியே நிறுத்தியது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தில்லி போட்ட சட்டம். அதைத் திருத்து, நீக்கு என்று குரல் கொடுத்தவர்கள் தமிழ் மண்ணின் தலைவர்களிலேயே உண்டு. அதற்காகத் தில்லியைக் கும்பிடவும் முடியாது. 2018 மார்ச்சில் அதே சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய தீர்ப்பு தில்லியிலிருந்துதான் வந்தது. ஏப்ரல் 2இல் நாடு முழுக்கத் தலித்துகள் தெருவில் இறங்கிய பிறகுதான் நாடாளுமன்றம் அதைச் சரிசெய்தது.

ஆகவே நம் நிலையை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். பிரிவினை பேசுகிறவனைச் சிறையில் போடுகிற சட்டங்களை எதிர்க்கிறோம், பேச்சு குற்றமல்ல. மாநில சுயாட்சியை ஆதரிக்கிறோம். மொழியையும் கல்வியையும் வரிப்பணத்தையும் தில்லி வாரிச் சுருட்டுவதை ஏற்க முடியாது. ஆனால் 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் சுயாட்சிக்குக் குழு அமைத்த தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு இறங்குகிற அதிகாரம் சென்னையிலிருந்து எங்கே போகும்? ஊர்க் கட்டுப்பாட்டின் கைக்கா, சேரியின் கைக்கா? 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்களே, அந்தக் கைக்கா? பஞ்சமி நிலத்தை மீட்கச் சுயாட்சி வேண்டியதில்லை. அந்த அதிகாரம் ஏற்கெனவே கோட்டையில்தான் இருக்கிறது. அதை ஏன் எடுக்கவில்லை?

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: தானாகப் போக முடியாது. தில்லியில் கொடி பறந்தபோதும் போக முடியவில்லை, சென்னையில் கறுப்பு சிவப்பு பறந்தபோதும் போக முடியவில்லை. செருப்போடு நடந்தவர்களெல்லாம் நடந்துதான் அந்தத் தெருவைப் பொதுத்தெரு ஆக்கினார்கள். அய்யங்காளி வண்டியோட்டிப் போனார். மீனாட்சிபுரத்தார் அந்தத் தெருவே வேண்டாம் என்று போனார்கள். ரெண்டும் நம் வழிதான். எந்த ஊரில் எது என்று தீர்மானிக்கிற உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். அதை எந்தத் தேசத்துக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

தோழர்களுக்கு ஒரு வேலை. 1956க்கு முந்தைய செங்கோட்டை எல்லையைப் பார்த்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லை தாண்டிக் கூலிக்குப் போனது, கோயிலுக்குள் முதலில் நுழைந்தது, அருவிக்கரையில் யார் எங்கே நின்று குளித்தது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். பிழை பார்க்க வேண்டாம், அவர்கள் பேசுகிறபடியே எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம். அவர்கள் போய்விட்டால், எல்லை கிழித்தவர்கள் எழுதி வைத்தது மட்டும்தான் மிஞ்சும்.

ஜெய்பீம்.